பதக்கத்தின் ஊசிப் பக்கம்

மெல்பேர்ன் புறநகரான ரோவிலில் விக்னராஜா வீட்டுக் குசினிக்குள் முதன்முதலாக வந்த செத்துப்போன ஜேர்மன்காரர் ஒரு வழுக்கைத் தலையர். தோல் ஏப்ரனும் காதில் செருகிய பென்சிலுமாக, உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவால் உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுப்பில் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவருக்கு முதலில் தேத்தண்ணி, ஆள் யார் என்ற விசாரணை பிறகு என்ற ஒழுங்கில் வளர்ந்தவள் ரஞ்சினி; ஆகவே கேத்தில் சுவிச்சைத் தட்டினாள். அவர் குடித்து முடித்து, கதிரையைப் பழையபடி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, வந்த வழியே போனார். கோப்பையைக் கழுவும்போதுதான், "இஞ்சேருங்கோ, ஆர் அவர்?" என்று புருஷனைக் கேட்டாள். "இந்தப் பேட்ஜுக்கு ஊசி வைச்சவர்" என்றார் விக்னராஜா, மேசையில் குப்புறக் கிடந்த ஒரு பழைய பதக்கத்தைக் காட்டி. "அப்ப ஒரு பிஸ்கட்டாவது குடுத்திருக்கலாமே" என்றாள் ரஞ்சினி.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்து ஜேர்மன் இராணுவப் பதக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் மெல்பேர்னில் உண்டு என்பதே அதுவரை ரோவில் தமிழருக்குத் தெரியாது. அவர்களுடைய பெரிய தலையிடி, ஒரு பதக்கத்தை எந்தப் பட்டறை செய்தது என்பதுதான். முன்பக்கம் எல்லாம் ஒன்றே, அரசாங்கம் கொடுத்த வடிவம். ஆளை ஆள் பிரித்துக் காட்டுவது பின்பக்கம்: ஊசி தட்டையா உருண்டையா, கீல் எப்படி இருத்தப்பட்டிருக்கிறது, கொளுக்கிக் கம்பி எந்தப் பக்கம் வளைகிறது. பட்டறைக் குறி அடித்திருந்தால் பிழைத்தார்கள். அடிக்காதவற்றையும், சண்டை முடிந்து நெடுங்காலத்துக்குப் பிறகு யாரோ அடித்து விற்ற போலிகளையும் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் மண்டையை உடைப்பார்கள். ரிங்வூட்டில் இருக்கும் கொலின் அப்படி ஒருவர். விக்னராஜாவும் அவரும் ஒரே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். விக்னராஜா இளமையில் ஜேர்மனியில், லூடன்ஷைட் என்ற மலைநகரத்தில், பொத்தானும் பதக்கமும் அடிக்கிற பட்டறையில் இருந்தவர் என்று கதையோடு கதையாகக் கேள்விப்பட்ட கொலின், ஒரு சனிக்கிழமை கைக்குட்டையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். விக்னராஜா அதைக் கோப்பை துடைக்கும் துணியில் குப்புறப் போட்டார். அதன் முகத்தை அன்றைக்கும் பார்க்கவில்லை, பின்னர் வந்த எதன் முகத்தையும் பார்க்கவில்லை. "முன்பக்கம் அவங்கட அரசியல். எனக்கு ஊசிப் பக்கம் காணும்" என்பார். முன்பக்கத்து நாசிச் சின்னங்களைக் காட்டுவதும் விற்பதும் குற்றம் என்று பின்னாளில் சட்டம் வந்தபோது, அவருக்கு மட்டும் அதனால் ஒரு மாற்றமும் தேவைப்படவில்லை.

விஷயத்தின் ஒழுங்கு சில சனிக்கிழமைகளில் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. விக்னராஜா பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஊரையும் பட்டறையையும் வாய்விட்டுச் சொல்வார். சரியாகச் சொன்னால், அந்தப் பதக்கத்துக்கு ஊசி வைத்தவர், வைத்த காலத்தில் எந்த வயதில் இருந்தாரோ அந்த வயதிலேயே, தோய்க்கும் அறைக் கதவால் வந்து குசினிக் கதிரையில் அமர்வார். பிழையாகச் சொன்னாலோ, பதக்கம் போலியாக இருந்தாலோ, கதிரை வெறுமையாக இருக்கும், தேத்தண்ணி ஆறிப்போகும். வந்தவர் கோப்பை காலியாகும்வரை இருப்பார், பிறகு போய்விடுவார். கொலினும் கூட்டாளிகளும் உலோகத்தைச் சுரண்டி வருஷம் கணிக்க, ரஞ்சினி சீனியை வைத்துக் கணித்தாள். சண்டை தொடங்கிய வருஷத்து ஆட்கள் ஒரு கரண்டி போட்டார்கள். கடைசி வருஷத்து ஆட்கள் டப்பாவைப் பார்த்தபடியே இருந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ஐந்து ஆறு கரண்டி போட்டுக் கலக்காமல் குடித்து, அடியில் தங்கியதை விரலால் வழித்தார்கள். அவளுடைய கணக்கு ஒருமுறைகூடப் பிசகவில்லை என்று கொலினே ஒப்புக்கொண்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "செத்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்திற வீட்டில நான் வாயில தண்ணியும் வையன்" என்று சிவசோதி அன்ரி த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயில் அன்னதான வரிசையில் நின்று சத்தியம் செய்தார். செய்துவிட்டு, வாராவாரம் சனிக்கிழமை ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு விக்னராஜா வீட்டுக்கு வந்து, வாழைக்காய்ப் பொரியலும் தின்றுவிட்டுப் போனார். பின்வீட்டு வைதேகி, கோயம்புத்தூர்க்காரி, தன் புருஷன் பார்த்தசாரதியிடம், "அந்த வீட்டுல பச்சத் தண்ணி கூடக் குடிக்காதீங்க, சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். படகில் வந்து பத்து வருஷத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இருக்கும் பிரவீனன் மட்டும் ஒருநாள், புல் வெட்ட வந்த இடத்தில் வேலிக்கு அப்பால் நின்று, மரத்தூள் ஒட்டிய ஒரு ஜேர்மன்காரர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணை, உவையளிட்ட ஒருத்தரும் பேப்பர் கேக்கேல்லையோ?" என்றான். "இல்லையடா தம்பி." "குடுத்துவைச்ச சனம்" என்று சொல்லிவிட்டுப் புல்வெட்டியை இயக்கினான்.

விக்னராஜா ஏன் இப்படிச் சலிக்காமல் ஒவ்வொரு பதக்கமாகப் புரட்டுகிறார் என்பது ரஞ்சினிக்கு மட்டுமே தெரியும். ரஞ்சினிக்குத் தெரிந்ததால் சிவசோதி அன்ரிக்குத் தெரியும், ஆகவே ரோவிலில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு பொம்பிளையைத் தேடுகிறார். வாயைப் பொத்தாதீர்கள், அந்த மாதிரி இல்லை. எல்ஃப்ரீட என்ற அந்த மனுசிக்கு அப்போதே அறுபதுக்குக் கிட்ட. லூடன்ஷைட் பட்டறையில் அவருக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்து, திருவிழாப் பதக்கங்களுக்கும் துப்பாக்கி சுடும் சங்கத்துப் பதக்கங்களுக்கும் ஊசி வைத்தவ.

மற்றவர்கள் ஊர்ப் பனங்கூடலையும் கீரிமலையையும் நினைத்துப் பெருமூச்சு விட, இந்த மனுசன் லூடன்ஷைட்டை நினைத்து விட்டார் என்பது நெடுங்காலம் ரோவில் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் பகிடியாக இருந்தது. அகதி விண்ணப்பத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு போய் இறங்கிய இளந்தாரிக்கு, அங்கே எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் மழையும், சரிவில் மூச்சு வாங்க ஏறும் பேருந்தும், பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும், உலோகம் வெட்டும் எண்ணெயின் மணமும் எப்படியோ ஊராகிவிட்டன. முதல் குளிரில் அவர் நடுங்குவதைப் பார்த்த எல்ஃப்ரீட, மறுநாள் தன் மகனுடைய கோட்டைக் கொண்டுவந்து ஒரு சொல் பேசாமல் அவருடைய கொளுவியில் மாட்டினா. விக்னராஜா என்ற பெயர் அவவுடைய வாய்க்குள் அடங்கவில்லை. "ராயா" என்று கூப்பிட்டா. காலை இடைவேளையில் இருவரும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அமர, தன் பிளாஸ்கிலிருந்து அவருக்கு அரைக் கோப்பை, தனக்கு அரைக் கோப்பை என்று கோப்பி ஊற்றுவா. சண்டைக்காலத்தில் சிறுபெண்ணாக இதே வாங்கில் இருந்து என்ன செய்தா என்று அவவும் சொன்னதில்லை, தான் விட்டுவந்த சண்டையைப் பற்றி அவரும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை மாலை, "திங்கட்கிழமை பார்ப்போம், ராயா" என்பா. அவரும் திங்கட்கிழமை பார்ப்போம் என்பார்.

பிறகு மெல்பேர்னிலிருந்த அத்தான் அவுஸ்திரேலியாவுக்கு விசா சரிக்கட்டினார். நமது சனத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுப் பயணம் என்றால், போய்ச் சேர்ந்து அங்கிருந்து போன் எடுக்கும்வரை ஒருத்தருக்கும் சொல்வதில்லை. சொன்னால் நாவூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும். "பிளேன் ஏறி இறங்குமட்டும் மூச்சு விடாதை" என்று அத்தான் சொன்னதை விக்னராஜா வேதம்போலக் காத்தார். அந்தக் கடைசி வெள்ளிக்கிழமையும், டிக்கெட் காற்சட்டைப் பையில் இருக்க, "திங்கட்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தார். மெல்பேர்னில் இறங்கியதும் எழுதுவோம் என்றிருந்தார். வேலை தேடினார், கல்யாணம் வந்தது, வீடு வந்தது, எழுதவில்லை. சில வருஷங்களுக்குப் பிறகு, ஜேர்மனியில் தங்கிவிட்ட பழைய அறைக் கூட்டாளி ஒருவர் போனில், எல்ஃப்ரீட செத்துப்போன செய்தியைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "நீ வெளிக்கிட்ட பிறகு வந்த திங்கட்கிழமை அந்த மனுசி உனக்கு அரைக் கோப்பை ஊத்தி வைச்சிட்டுப் பின்னேரம்வரைக்கும் அதை எடுக்கேல்லையாம்" என்றும் சொன்னார். அன்றிலிருந்து விக்னராஜா கோப்பியைத் தொடவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த மனுசியை ஒருதரம் கதிரையில் இருத்தி, போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

ஆகவே லூடன்ஷைட் என்று சொல்லக்கூடிய ஒவ்வொரு பதக்கமும் அவருக்குத் திருவிழா. அந்த ஊரிலிருந்து மீசைக்காரர்கள் வந்தார்கள், பல்வலிக்காரி ஒருத்தி வந்தாள், சீனி டப்பாவைக் கண்டதும் அழுத ஒரு கிழவர் வந்தார். எல்ஃப்ரீட வரவில்லை. அவவுடைய அடையாளம் அவருக்கு நன்றாகத் தெரியும். இடதுகைக்காரி என்பதால் கொளுக்கிக் கம்பியை எல்லாரும் வளைக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைத்து, நுனியில் ஒரு சின்ன முறுக்கும் கொடுப்பா.

அந்த முறுக்கைக் கொண்டுவந்தவர் பார்த்தசாரதி. வீட்டுக்காரியின் தடையுத்தரவுக்குப் பயந்து, வேலிப் பலகை விலகிய இடத்தால் வந்தார். அவருடைய மறுபக்கத்து வீட்டில் மொரீன் என்ற முதிய அம்மா இருந்தார். அவருடைய குப்பைத் தொட்டிகளை வாராவாரம் தெருவோரம் தள்ளிவிட்டது பார்த்தசாரதிதான். மொரீன் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது நன்றிக்காக ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சண்டையில் ஜேர்மனியில் சிறைப்பட்டிருந்து விடுதலையான விமானப்படைக்காரர் மொரீனின் அப்பா; அவர் அங்கிருந்து கொண்டுவந்த சாமான் உள்ளே இருந்தது. "சார், எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார் பார்த்தசாரதி. "சும்மா, என்னன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு. மியூசியத்துல குடுத்தா யாரு செஞ்சதுன்னு கேப்பாங்கல்ல?"

காயப்பட்ட படைவீரருக்குக் கொடுக்கிற கறுப்புப் பதக்கம் அது. பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு துத்தநாகத்தில் அடித்தது. விக்னராஜா துணியில் குப்புறப் போட்டார். பார்த்தார். பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. எழுந்து போய்க் குளித்தார். முகம் வழித்தார். இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்து, அலுமாரியின் மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்று கிடந்த கோப்பியை எடுத்துத் தானே போட்டு, இரண்டு கோப்பைகளில் பாதிப் பாதி ஊற்றினார்.

"என்ன, பொம்பிளை பாக்கப் போறியளோ?" என்றாள் ரஞ்சினி. பிறகு கோப்பைகளைப் பார்த்தாள். அதற்குமேல் பகிடி விடவில்லை. குழல்புட்டு அப்போதுதான் இறக்கியிருந்தாள். மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

விக்னராஜா பேச வேண்டியதை நெடுங்காலமாக ஜேர்மன் மொழியில் பாடமாக்கி வைத்திருந்தார். சவரம் செய்யும்போது சொல்லிப் பார்ப்பார், எம் ஒன்று நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது சொல்லிப் பார்ப்பார். அதில் மன்னிப்பு இருந்தது, அத்தான் இருந்தார், நாவூறுக்கு ஜேர்மன் மொழியில் ஒரு நீண்ட விளக்கமும் இருந்தது. இவ்வளவு யோசித்த மனுசன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எத்தனையோ சனிக்கிழமை தன் கண்ணாலேயே கண்டிருந்தும், தன் விஷயம் என்று வந்தபோது அவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. ரஞ்சினிக்கு முதலிலேயே தெரியும். கேட்காமல் சொல்வானேன் என்று இருந்துவிட்டாள்.

அவர் லூடன்ஷைட் என்றார், பட்டறையின் பெயரையும் சொன்னார். தோய்க்கும் அறையில் கட்டைச் செருப்புச் சத்தம் கேட்டது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை, பதினாறு வயது மதிக்கலாம், கழுத்தெலும்பு தெரிய, தனக்குப் பெரிதான ஏப்ரனைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இடதுகை விரல்களில் ஈயம் சுட்ட தழும்புகள்.

"எல்ஃப்ரீட" என்றார் விக்னராஜா.

"என் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை. பக்கத்து வாங்குக்காரி அவரை ஒருநாளும் நீங்கள் போட்டுப் பேசியதில்லை. இந்த 'நீங்கள்' அவரைக் கதிரையில் இருத்திவிட்டது. பாடமாக்கிய அத்தனையும் வாய்க்குள் வந்து நின்றன, யாரிடம் சொல்வது? இன்னும் அவரைச் சந்திக்காதவளிடம், இன்னும் ஊற்றாத கோப்பிக்காக, இன்னும் வராத திங்கட்கிழமைக்காக எப்படி மன்னிப்புக் கேட்பது? மூலையில் நின்ற பார்த்தசாரதி, நம்பிக்கையில்லாதவர், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "சார், என்ன சொல்றாங்க? சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் சும்மா இருங்கோ பாப்பம்" என்று அவரை அடக்கினாள் ரஞ்சினி. புருஷன் பக்கம் திரும்பி, "மன்னிப்பு, கின்னிப்பு எண்டு தொடங்காதேங்கோ. அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? பசியோட வந்து நிக்குது" என்றாள். புட்டில் வாழைப்பழத்தைப் பிசைந்து சீனியைக் கொட்டி, பிள்ளையைக் கதிரையில் இருத்தி, கோப்பையை எட்டத் தள்ளிவிட்டுத் தட்டை முன்னால் வைத்தாள். பிள்ளை முதலில் ரஞ்சினியைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்தக் குசினியில் யாரையும் பார்க்கவில்லை. தட்டு துடைத்தாற்போல் ஆனதும், மேசையில் இருந்த பழச்சீப்பில் ஒன்றைப் பிய்த்து ஏப்ரன் பைக்குள் நழுவவிட்டாள். ரஞ்சினி காணாததுபோல் வந்து இன்னும் இரண்டை அதே பைக்குள் போட்டாள். வந்தவர்கள் எதையும் கொண்டுபோகலாமா என்பது பற்றி ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை; ஒருத்தரும் அதுவரை கேட்டதில்லை.

கோப்பையைக் கடைசியாக எடுத்தாள். எடுத்தால் முடியும் என்று விக்னராஜாவுக்குத் தெரியும்.

"நான் பயணம் போகிறேன்" என்றார். பாடமாக்கியதில் இந்த வரி இருக்கவில்லை. "அவுஸ்திரேலியாவுக்கு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று வையுங்கள். திங்கட்கிழமை நான் வரமாட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

முன்பின் தெரியாத ஒரு கறுத்த மனுசர், தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத ஒரு வீட்டில், இதை ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் ஊர் ஒழுங்கில், ஒருவர் பயணம் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும், எழுந்து நின்றாள். கையை ஏப்ரனில் துடைத்து நீட்டினாள். "நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்" என்றாள். பிறகு, "அவுஸ்திரேலியா தூரம், இல்லையா? பின்னால் யாரையாவது விட்டுவிட்டுப் போகிறீர்களா?"

"ஒரு கூட்டாளியை. பட்டறையில் பக்கத்து வாங்குக்காரி."

"அவளுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

விக்னராஜா அவளுடைய கையை இன்னும் விடவில்லை. "சொல்லிவிட்டேன்" என்றார்.

"அப்படியென்றால் சரி" என்றாள் அந்தப் பிள்ளை. நின்றபடியே அரைக் கோப்பையையும் குடித்தாள், கசப்புக்கு முகத்தைச் சுளித்தாள், கதிரையைத் தள்ளி வைத்தாள். கட்டைச் செருப்புச் சத்தம் தோய்க்கும் அறையைக் கடந்து, சீமெந்துப் பாதையில் கொஞ்சத் தூரம் கேட்டது. விக்னராஜா தன் அரைக் கோப்பையை எடுத்து, ஆறிப்போனதென்றும் பாராமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். ரஞ்சினி லைற்றைப் போடவா என்று கேட்டாள். வெளியே நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. பார்த்தசாரதி வேலிப் பலகையை மறந்து முன்வாசலால் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு மனுசன் பதக்கங்களை விட்டுவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. விடவில்லை. கொலின் அடுத்த சனிக்கிழமையும் வந்தார், கதிரையும் நிறைந்தது. மாறியது வேறொன்று. லூடன்ஷைட்டுக்குப் போய் எல்ஃப்ரீடவின் கல்லறையில் பூ வைப்பதென்று முடிவெடுத்த விக்னராஜா, டிக்கெட் போடுமுன்னரே அதை எல்லாருக்கும் சொல்லத் தொடங்கினார். கோயிலில் சொன்னார், பார்மசியில் சொன்னார், பெற்றோல் செற்றில் சில்லறை கொடுத்த பஞ்சாபிப் பெடியனுக்கும் சொன்னார். திகதி சொன்னார், விமானத்தின் இலக்கம் சொன்னார். "உந்த மனுசனுக்கு என்ன பிடிச்சது? நாவூறு படாதோ?" என்று சிவசோதி அன்ரி நெஞ்சில் கைவைத்தார். அன்ரியின் பேச்சுக்கு அஞ்சி ரஞ்சினி மட்டும் இரகசியமாக உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டாள். சனிக்கிழமைக்கு வந்துபோன ஜேர்மன்காரர்களுக்கும், இன்ன திகதியிலிருந்து ஆள் இல்லை என்று விக்னராஜா அவர்களுடைய மொழியிலேயே சொல்லிவிட்டார். பிரவீனனிடம் சொன்னபோது மட்டும், அவனால் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாது என்று நினைவு வந்து தடுமாறினார். "நீங்கள் போயிட்டு வாங்கோ அண்ணை, பூவில ஒண்டு என்ர பேரில வையுங்கோ" என்றான் அவன். புறப்படும் நாளன்று விமான நிலையத்துக்கு மூன்று வாகனம் சனம் போனது. விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக் கதவுத் திறப்பு பார்த்தசாரதியிடம் இருந்தது, கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற. முதல் சனிக்கிழமை அவர் கதவைத் திறந்தபோது, குசினியில் நாலு பேர் ஏப்ரனோடு அமர்ந்திருந்தார்கள். பதக்கம் இல்லை, பெயர் சொல்ல ஆளில்லை. பழக்கத்தில் வந்துவிட்டார்கள்போலும், அல்லது விக்னராஜா சொன்னது அவர்களை எட்டவில்லை. பார்த்தசாரதி தொண்டையைச் செருமினார். சார் ஊருக்குப் போயிருக்கார், உங்க ஊருக்குத்தான், வர ஒரு மாசம் ஆகும், எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனார் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலும் விளக்கினார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள், ஆனால் எழும்பவில்லை. பார்த்தசாரதி கேத்தில் சுவிச்சைத் தட்டினார்.

வீட்டுக்குப் போகப் பிந்திவிட்டது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற இவ்வளவு நேரமா என்று வைதேகி கேட்டாள்.

"கெஸ்ட் வந்திருந்தாங்க. காபி போட்டுக் குடுத்துட்டு வர்றேன்."

வைதேகி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அடுக்கின்மேல் வைத்தாள்.

"எத்தனை பேரு?"

"நாலு."

"பால் இருந்துச்சா அங்க?" என்றாள்.